கோலாலம்பூர் ஈரத்தில் வீணை தாங்குமா?

கெப்போங்கிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது, வீணை கற்க ஆசை. மகனுக்கு ஏழு, "தபலாவோ மிருதங்கமோ, எனக்குத் தட்டணும்" என்கிறானாம். ஆண்டு இறுதி விடுமுறைக்குக் குடும்பத்தோடு திருச்சி போகிறார்கள். அப்படியே தஞ்சாவூரில் ஒரு வீணை வாங்கி வரலாமா? நம்மூர் ஈரத்தில் அது நிற்குமா? கர்நாடகக் கருவி, ஹிந்துஸ்தானிக் கருவி என்று பிரிக்கிறார்களே, இதில் கோலாலம்பூரில் வைத்துக் காப்பாற்ற எது சுலபம்?

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருபது வருடமாக மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். தோலை இழுத்துக் கட்டும் வாரைப் பிடிப்பது, தலை மாற்றுவது, வீணையில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டுவது எல்லாம் இங்கே செய்து தர ஆள் கிடைக்காத கொடுமையில் நானே கற்றுக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன்னால், அந்தக் கருவி படுத்துக்கொண்டால் எழுப்பிவிடத் தெரிந்த ஒருவரை இந்த ஊருக்குள் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் "எந்தக் கருவி நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். "உடைந்தால் யாரிடம் போவது?" என்று முதலிலேயே கேட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

முதலில் நம்மூர்க் காற்று. கோலாலம்பூரில் ஈரப்பதம் வருடம் முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் 90ஐத் தாண்டும். தஞ்சாவூரிலும் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம்தான். ஆனால் அங்கே சித்திரை, வைகாசி வெயில் வந்து மரத்தையும் தோலையும் காயவைத்துவிடும். நமக்கு அந்த வெயிலே கிடையாது. ஏப்ரல் மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு கொட்டித் தீர்க்கும். அப்புறம் வீட்டுக்குள் ஏர்கான். ஆக, கருவி ஒரே நாளில் இரண்டு ஊரில் குடியிருக்கிறது: ஹாலில் கோலாலம்பூர், படுக்கையறையில் ஊட்டி. ஈரம்கூடப் பரவாயில்லை, கருவி பழகிக்கொள்ளும். இப்படி மாறி மாறி அல்லாடுவதுதான் அதன் உயிரை எடுக்கிறது.

இதை நான் மேடையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் இங்கே ஓர் அரங்கில் பாட்டுக் கச்சேரி. பாடியவருக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. மேடைக்குப் பின்னால் ஏர்கான் இல்லாத அறையில் உட்கார்ந்து, கல்லும் கையுமாக, தலையைச் சுற்றி வார் போகும் பதினாறு கண்ணையும் தட்டித் தட்டி ஒன்று போலப் பேச வைத்தேன். மேடையில் எனக்கு நேர் மேலே குளிர்காற்று வரும் துவாரம் இருந்ததை உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். வர்ணம் முடிவதற்குள் தோல் காய்ந்து இழுக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது கிருதியில் கால் கட்டை ஏறி நின்றது. பாடியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில், கண்ணுக்குக் கண் அடியிலிருந்து தட்டித் தட்டி இறக்கிக்கொண்டே வாசித்தேன். அன்றிலிருந்து எந்தக் கச்சேரியானாலும் ஒரு மணி நேரம் முன்பே போய், மிருதங்கத்தை உறை கழற்றி மேடைக் காற்றிலேயே உட்கார வைத்துவிடுவேன். அதற்கப்புறம்தான் கல்லை எடுப்பேன்.

மிருதங்கம் ஏன் இப்படித் தொட்டாற்சிணுங்கியாக இருக்கிறது? வெறும் தோலைத் தட்டினால் சத்தம் வரும், ஸ்வரம் வராது. வலப்பக்கத் தலையான வலந்தலையின் நடுவில் கிட்டக் கல்லை இடித்த பொடியையும் சோற்றையும் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஏற்றுகிறார்கள். அந்தக் கறுப்பு வட்டத்தின் கனம் நடுவில் உட்காருவதால்தான், தோலில் எழும் மேல் ஒலிகள் அடிப்படை ஒலியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று தந்தியில் வருவது போல முழு மடங்குகளாக ஒழுங்குபடுகின்றன. சி. வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். அவருக்கு நோபல் கிடைத்தது 1930இல். அதற்குப் பத்து வருடம் முன்பே மனிதர் மிருதங்கத்தையும் தபலாவையும் தட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு ஒரே சந்தோஷம். சரி, நம் விஷயம் என்னவென்றால், ஈரமும் ஏர்கானும் மாறி மாறி அடித்தால் அந்தக் கறுப்பில் வெடிப்பு விழும், ஓரம் உதிரும். கணக்குக் கெட்டுப்போகும். 'தீம்' என்று சொல்ல வேண்டிய வாத்தியம் 'தொப்' என்று சொல்லும்.

இடப்பக்கம், அதாவது தொப்பியில், ரவை பிசைந்து ஒட்டி வாசிக்கிறோம். முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்து, துடைத்து, தோலைக் காற்றாட விட்டு, அதன் பிறகுதான் உறைக்குள் போட வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு ராத்திரி மறந்தால் ரவை காய்ந்து உதிரும், அவ்வளவுதான். இங்கே மறந்தால் இரண்டொரு நாளில் பச்சைப் பூஞ்சை. கரப்பான் பூச்சிக்கும் விருந்து. என் மாணவர்களுக்கு முதல் பாடம் 'த தி தொம் நம்'. இரண்டாவது பாடம் தொப்பி துடைப்பது.

இப்போது வீணை. தஞ்சாவூர் வீணை பலா மரம். இங்கே வருகிறவர்கள், "நம்மூரிலும் பலா தாராளமாகக் காய்க்கிறதே, அதில் செய்யக் கூடாதா?" என்று கேட்பார்கள். மரம் ஒன்றுதான். ஆனால் வெட்டிய பலாவைப் பொறுமையாகக் காயப்போட்டு, குடத்தைக் குடைந்து, தட்டிப் பார்த்துச் சுவரின் கனத்தை முடிவு செய்கிற கை தஞ்சாவூரில் பல தலைமுறைகளாக இருக்கிறது. அங்கே பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத்தான் தேடுகிறார்கள். குடம், நீளக் கழுத்தான தண்டி, யாளி முகம் எல்லாமே ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு விலையும் அதிகம், பெருமையும் அதிகம். உங்கள் மகள் வயதில் ஒட்டு வீணையே போதும். மூட்டு நன்றாகச் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மரம் இங்கே அவ்வளவாகத் தொல்லை தராது. தொல்லை மெழுகில்தான். வீணையில் தந்தியை விரலால் அழுத்துவதற்கு 24 பித்தளை மெட்டுகள். அவை தண்டியில் ஆணி அடித்து நிற்பவை அல்ல, தேன்மெழுகும் கரியும் கலந்து கட்டிய இரண்டு கறுப்பு வரம்புகளின் மேல் பதிந்து நிற்கின்றன. மெட்டை எங்கே பதிப்பது என்பதைக் காதால் தீர்மானித்து, மெழுகை இளக்கி, ஒவ்வொன்றாக அமுக்கி வைப்பதைத்தான் மேளம் கட்டுவது என்கிறோம். தேன்மெழுகு உருகுவது 62, 64 டிகிரி செல்சியஸ் வாக்கில். கோலாலம்பூர் வெயிலில் வீட்டுக்குள் அந்தச் சூடு வராது. ஆனால் மத்தியானம் திறந்தவெளியில் நிறுத்திய காருக்குள் மெழுகு இளகுகிற அளவுக்கு வந்துவிடும். ஒரு அம்மா, மகளின் வீணையைக் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குள் போயிருக்கிறார். திரும்பி வந்து எடுத்தபோது தந்தியின் அழுத்தத்தில் ஏழெட்டு மெட்டுகள் சாய்ந்து படுத்திருந்தன, வரிசையாக நின்ற பிள்ளைகள் வெயிலில் மயங்கி விழுந்த மாதிரி. பார்த்தால் சிரிப்பு வரும். அவர்கள் என்னிடம் கொண்டு வந்தபோது அந்தச் சிறுமி அழுதுகொண்டிருந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து மேளம் கட்டிக் கொடுத்தேன். எனவே வீணையைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடக்கூடப் போகாதீர்கள்.

அதே போல, நம்மூர் ஆட்கள் ஈரத்துக்குச் செய்கிற பழைய வைத்தியம் ஒன்று உண்டு: அலமாரிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பு எரியவிடுவது. தோல் வாத்தியத்துக்கு அது நல்லதுதான், தள்ளி வைத்தால். வீணைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஈரமானி ஒன்று வாங்கி அறையில் மாட்டுங்கள், விலை அதிகமில்லை. 60 பக்கம் நிலையாக நின்றால் உத்தமம். 70 என்றாலும் நிலையாக இருந்தால் கவலைப்பட மாட்டேன்.

கர்நாடகம், ஹிந்துஸ்தானி வித்தியாசத்தைக் கேட்டிருக்கிறீர்கள். புத்தகத்தில் போட்டிருப்பதை விட, வீணையையும் சித்தாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். வீணையில் ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ச முதல் அடுத்த ச வரைக்கும், பன்னிரண்டு மெட்டு என்று இரண்டு ஸ்தாயிக்கும் எல்லா ஸ்வரஸ்தானமும் நிரந்தரமாக நிற்கிறது. தோடி வாசித்துவிட்டு அடுத்த நிமிடம் கல்யாணிக்குப் போகலாம். மெட்டு அசையாது, விரல்தான் தந்தியை இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தை உண்டாக்கும். கச்சேரியும் அப்படித்தான்: இரண்டு மணி நேரத்தில் ஏழெட்டு ராகம், ஒவ்வொன்றிலும் தியாகராஜரோ தீட்சிதரோ பாபநாசம் சிவனோ செய்து வைத்த உருப்படி. சித்தாரில் மெட்டுகள் குறைவு, இருபது வாக்கில்தான். அவை தண்டில் நூலால் கட்டப்பட்டவை. எடுத்துக்கொண்ட ராகத்துக்கு ஏற்ப ரிஷப (ரி) மெட்டையோ தைவத (த) மெட்டையோ கையால் நகர்த்தி வைத்துக்கொண்டு, அந்த ஒரே ராகத்தில் ஒரு மணி நேரம் மூழ்குவார்கள். மெட்டுக்கு அடியில் மீட்டாமலே தானாக அதிரும் பத்துப் பதின்மூன்று அனுதாபத் தந்திகள் வேறு. அவற்றையும் அந்த ராகத்துக்கே சுருதி சேர்க்க வேண்டும். ஆலாபனை, அப்புறம் தாளத்தோடு வரும் கத், அதிலும் மெதுவான கத், வேகமான கத் என்று ஒரு ராகம் விரிந்துகொண்டே போகும்.

பராமரிப்புக்கு வந்தால், சித்தாரில் மெழுகு இல்லை, அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் குடம் சுரைக்காய். கீழே விழுந்தால் முடிந்தது. ஈரத்தில் அந்த மெல்லிய எஃகுத் தந்திகள் எல்லாம் துருப்பிடிக்கும். ஒன்றைத் துடைத்து முடிப்பதற்குள் இன்னொன்று. இங்கே சித்தார் வைத்திருக்கிற என் நண்பர் வாசிக்கிற நேரத்தை விடத் துடைக்கிற நேரம் அதிகம் என்பார்.

இசை எது என்று தேர்ந்தெடுப்பதை ஈரத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், அது வேறு விஷயம். பிரிக்ஃபீல்ட்ஸில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் இரண்டு மரபும் சொல்லித் தருகிறார்கள். மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஒரு நிகழ்ச்சிக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். எந்தக் கருவி வாசிக்கும்போது பிள்ளையின் கால் ஆடாமல் நிற்கிறது என்று பாருங்கள்.

மகன் விஷயம் சுலபம். தபலாவில் வாருக்கு அடியில் மரக்கட்டைகள் செருகியிருக்கும். சுத்தியலால் அவற்றைக் கீழே தட்டினால் சுருதி ஏறும், மேலே தட்டினால் இறங்கும். ஏழு வயதுப் பையன் ஓரிரு வருடத்தில் அதைத் தானே கற்றுக்கொள்வான். தலை பழுதானால் தயாராகப் பின்னிய பூடி இந்தியாவிலிருந்து வாங்கி மாற்றலாம். மிருதங்கத்தில் எருமைத் தோல் வாரை இழுத்துப் பிடிக்க இரண்டு ஆள் பலம் வேண்டும். அதற்காகவே இப்போது வாருக்குப் பதில் இரும்புக் கம்பியும் நட்டும் போட்ட மிருதங்கம் வந்திருக்கிறது. வீட்டில் ஸ்பேனரை வைத்து முறுக்கிக்கொள்ளலாம். வித்வான்கள் முகம் சுளிப்பார்கள். நாதத்தில் ஒரு துளி குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் கோலாலம்பூரில் பள்ளிக்கூடப் பையன் பழகுவதற்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன். தவில்காரர்கள் எப்போதோ இரும்பு வளையத்துக்கும் போல்ட்டுக்கும் மாறிவிட்டார்கள். பத்துமலைத் தேர் முன்னால் மழையிலும் வெயிலிலும் நடந்துகொண்டே வாசிக்கிறவனுக்கு உட்கார்ந்து வார் பிடிக்க நேரம் ஏது? மிருதங்கக்காரர்கள்தான் இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

வாங்கும்போது பாட்டு எந்தக் கட்டைக்கு என்று கேட்டு வாங்குங்கள். ஆண்குரல் சுருதிக்குத் தக்கு மிருதங்கம், 24 அங்குலம் வரை இருக்கும். பெண்குரலுக்கு ஹெச்சு மிருதங்கம், 22 அங்குலம் வாக்கில். சின்னப் பையன் கை எட்டுவதற்கு ஹெச்சுதான் சௌகரியம். "மாட்டுத் தோல் வீட்டுக்குள் வேண்டாம்" என்று சில குடும்பங்கள் சொல்வார்கள். ஃபைபர் உடலும் செயற்கைத் தலையும் போட்ட மிருதங்கம் பெங்களூரில் செய்கிறார்கள். ஈரம் அதை ஒன்றும் செய்யாது. பழகலாம். கச்சேரி மேடையில் பக்கத்து வித்வான் கண்டுபிடித்துவிடுவார்.

நீங்கள் கேட்காத ஒரு கருவியையும் சொல்லிவிடுகிறேன்: வயலின். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களிடம் கேட்டுக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த கருவி அது. தஞ்சை நால்வர் என்ற சங்கீதச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். உடம்பு ஐரோப்பா, உட்காருவது சம்மணம், தலை வலக்கணுக்காலில், தந்தி ச-ப-ச-ப. இருநூறு வருடத்தில் அதை அந்நியம் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே அதற்கு ஒரு பெரிய வசதி உண்டு: கோலாலம்பூரில் மேற்கத்திய சங்கீதக் கடைகள் இருக்கிற இடமெல்லாம் வயலின் பழுது பார்க்கிறவர் இருக்கிறார். பாலம் உடைந்தாலும் ஒட்டு விட்டாலும் மறுநாள் கிடைத்துவிடும். ஒன்பது வயதுக்கு அரை அளவு, முக்கால் அளவு என்று வாடகைக்கே தருகிறார்கள். உங்கள் மகளுக்கு வீணைதான் வேண்டுமென்றால் வயலினைத் திணிக்காதீர்கள். ஆனால் என் பேச்சின் சாரம் அந்தக் கடைக்காரரிடம் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். வீணைக்கு அப்படி ஒரு கடை இல்லை. அந்த இடத்தில் ஒரு ஆளைத் தேடி வைக்க வேண்டும். வீணை டீச்சரிடமே கேளுங்கள்: "உங்கள் வீணைக்கு மேளம் கட்டுவது யார்?" அவர் சொல்லும் பெயர் உங்களுக்கு வேண்டும்.

நாகஸ்வரம் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், ஒன்றே ஒன்று. நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்து நாகஸ்வரம் ஈரத்துக்கெல்லாம் அசையாது. அதன் வாயில் செருகும் சீவாளிதான் குழந்தை மாதிரி. காவிரிக்கரை நாணலில் செய்து வருவது. தைப்பூசத்துக்கு ஊரிலிருந்து வருகிற வித்வான்களின் கழுத்தில் கோர்த்துத் தொங்குகிற சீவாளிக் கொத்தைப் பார்த்திருப்பீர்கள். நகை இல்லை, மாற்றுச் சாமான். ஒன்று ஊறிக் கெட்டால் அடுத்ததை எடுத்து வாயில் நனைத்துக்கொள்வார்கள்.

கடமும் கஞ்சிராவும் வாங்கும் எண்ணம் இருந்தால்: மானாமதுரைக் கடம் நம்மூருக்கென்றே செய்தது போல. சுட்ட மண்ணுக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை, விமானச் சாமானில் உடையாமல் வந்தால் சரி. கஞ்சிராவில் எச்சரிக்கையாக இருங்கள். பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோல். உடும்பு இந்திய வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, நாடு கடந்து எடுத்து வருவதும் குற்றம். கடைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்பார். ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ போட்டதைக் கேளுங்கள்.

இனி உங்கள் திருச்சிப் பயணம். விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூர் சாலைப் பயணம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கிய அன்றே போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு, திரும்பும் முன் போய் எடுங்கள். நடுவில் உள்ள நாட்களில் அவர்கள் தந்தி மாட்டி, மேளம் சரிபார்த்து வைப்பார்கள். மகள் மடியில் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். இடக்கை கடைசி மெட்டுவரை எட்டுகிறதா, தோள் தூக்கிக்கொள்ளாமல் மீட்ட முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு அங்குலம் குட்டையான தண்டி கேட்டால் செய்து தருவார்கள். கெட்டிப் பெட்டி கட்டாயம், துணி உறை போதாது. விமானத்தில் ஏற்றும் முன் ஏழு தந்தியையும் தளர்த்திவிடுங்கள், ஒரேயடியாகக் கழற்றாமல். கீழே சாமான் அறைக்குளிரில் மெழுகு இறுகி நொறுங்கும், அதனால் மெட்டுகளின் மேல் மெல்லிய துணியைச் சுற்றி லேசாகக் கட்டிவிடுங்கள். கோலாலம்பூர் வந்ததும் ஆசையில் உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். ஒரு ராத்திரி அறையில் அப்படியே கிடக்கட்டும். மறுநாள் திறந்து, தந்தியை ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றாமல் இரண்டு மூன்று நாளாக ஏற்றுங்கள்.

முதல் வருடத்துக்குள் ஒருமுறை மேளம் கட்டாயம் இறங்கும். மேல் ஸ்தாயியில் மெட்டில் விரல் வைத்தால் தந்தி அடுத்த மெட்டில் உரசி 'ஜ்ர்ர்' என்று கேட்கும். பயப்பட வேண்டாம், வீணை கெட்டுப்போகவில்லை, ஊர் மாறியிருக்கிறது. அதற்காகத்தான், கடையை விட்டு வரும்போது அவர்கள் கட்டிய அதே கலவையில் மெழுகு உருண்டை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் எனக்கும் ஒன்று.